உமிழ்நீரில் வலிப்பு மருந்தின் அளவு: ஒரு மருத்துவ முறையின் வரலாறு

கால்-கை வலிப்பு நோய்க்கு மருந்து உண்பவரின் உடலில் அம்மருந்து எவ்வளவு தங்கியுள்ளது என்பதை இரத்தத்தில் அளப்பது வழக்கம். அதே செய்தியை வாயில் ஊறும் உமிழ்நீரைக் கொண்டு அறியும் முறை 1970களில் ஆய்வு நிலையில் உருவானது. ஊசி தேவைப்படாத முறை என்பதே இதன் சிறப்பாகப் பலராலும் சொல்லப்படுகிறது. ஆனால் இதன் வரலாற்றைப் பார்த்தால் வேறு இரண்டு சிறப்புகள் தெரியவரும். மூளையைச் சென்றடையக்கூடிய மருந்தின் அளவை உமிழ்நீர் நேரடியாகக் காட்டுகிறது என்பது ஒன்று. நோயாளி இருக்கும் இடத்திலேயே, வேண்டிய நேரத்திலேயே மாதிரியை எடுக்க முடியும் என்பது மற்றொன்று. பெரிய ஆய்வகங்களிலிருந்து தொலைவில், இரவும் பகலும் ஆலைகள் ஓடும் காங்கேயம் போன்ற ஊர்களுக்கு இரண்டாவது சிறப்பே முதன்மையானது.

நோயும் பெயரும்

மூளையின் நரம்பணுக்களில் திடீரென அளவுக்கு மீறிய மின்தூண்டல் ஏற்படுவதால் வலிப்பு உண்டாகிறது. இது மீண்டும் மீண்டும் வரும் இயல்புடையதாக இருந்தால் வலிப்பு நோய் எனப்படும். தமிழில் இதற்குக் காக்காய் வலிப்பு என்ற வழக்குப் பெயரும், முயலகன் என்ற பழைய பெயரும் உண்டு. கொல்லி மழவன் மகளுக்கு இருந்த முயலகன் என்னும் நோயைத் திருப்பாச்சிலாச்சிராமத்தில் திருஞானசம்பந்தர் தீர்த்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. நடராசர் திருவடியின் கீழ்க் கிடக்கும் உருவத்துக்கும் முயலகன் என்பதே பெயர். வலிப்பு வந்தவரின் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் வழக்கம் இன்றும் தமிழகத்தில் காணப்படுகிறது. அதனால் பயன் எதுவும் இல்லை. பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடுகின்றன. சாவி கொடுத்த நேரமும் வலிப்பு நின்ற நேரமும் பொருந்திப் போவதால் அந்த நம்பிக்கை நிலைத்துவிட்டது.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உள்ளதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சரியான மருத்துவம் கிடைத்தால் அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்பதும் அந்நிறுவனத்தின் கணிப்பு. தமிழ்நாட்டில் வேலூர் மாவட்டத்தில் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வில், ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 4 பேர் வலிப்பு நோயுடன் வாழ்வது தெரியவந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு நாடாப்புழுவின் முட்டைகள் உடலுக்குள் புகுந்து மூளையில் கட்டிகளாகத் தங்கியதே நோய்க்குக் காரணமாக இருந்தது. 2011 கணக்கெடுப்பின்படி 30 ஆயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் காங்கேயம் நகருக்கு இதே விகிதத்தைப் பொருத்திப் பார்த்தால், நூற்றுக்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு மருந்து உண்ண வேண்டியவர்கள் என்று கணக்கிடலாம்.

மருந்துகள் வந்த வரிசை

வலிப்பு நோய்க்குப் பயன் தந்த முதல் நவீன மருந்து புரோமைடு உப்பு. இலண்டனைச் சேர்ந்த மருத்துவர் சார்லஸ் லோகாக் 1857இல் இதன் பயனைத் தெரிவித்தார். 1912இல் செருமனியின் ஆல்ஃபிரட் ஹாப்ட்மான், உறக்கத்துக்காகக் கொடுக்கப்பட்ட ஃபீனோபார்பிட்டால் என்னும் மருந்து நோயாளிகளின் வலிப்பையும் குறைப்பதைக் கண்டறிந்தார். அடுத்து வந்தது ஃபெனிட்டாயின். ஹைன்ரிக் பில்ட்ஸ் 1908இலேயே ஆய்வகத்தில் உருவாக்கிய இந்த வேதிப்பொருள் முப்பது ஆண்டுகள் மருத்துவப் பயன் அறியப்படாமல் கிடந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனையில் ஹூஸ்டன் மெரிட், டிரேசி புட்னம் இருவரும் 1938இல் இதை வலிப்பு நோயாளிகளுக்குக் கொடுத்து நல்ல பலன் கண்டனர். கார்பமாசெபைன் 1960களில் வலிப்பு மருந்தாகப் பரவியது. பிரான்சில் தற்செயலாகக் கண்டறியப்பட்ட வால்ப்ரோயேட்டு 1967இல் விற்பனைக்கு வந்தது.

இந்த மருந்துகளில் பலவும் இன்று இந்தியாவின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் உள்ளன. ஃபீனோபார்பிட்டாலும் ஃபெனிட்டாயினும் விலை குறைந்தவை என்பதால் ஏழை நாடுகளில் அவற்றின் பயன்பாடு நீடிக்கிறது.

எத்தனை மாத்திரை என்ற கேள்வி

வலிப்பு மருந்துகளின் பெரும் சிக்கல் அளவுதான். குறைந்தால் வலிப்பு வரும். கூடினால் மருந்தே நஞ்சாகித் தலைச்சுற்றல், கண்பாவை துடிப்பு, தள்ளாட்டம், மந்தம் ஆகியவற்றை உண்டாக்கும். 1950கள் வரை மருத்துவர்கள் நச்சுக்குறி தோன்றும் வரை அளவைக் கூட்டி, பிறகு சற்றுக் குறைத்துக் கொடுப்பதையே வழியாகக் கொண்டிருந்தனர்.

1960இல் டென்மார்க்கின் கோபன்கேகனில் பிரிட்ஸ் புக்தாலும் ஓலே ஸ்வென்ஸ்மார்க்கும் உடன் பணியாற்றியவர்களும் நோயாளிகளின் இரத்தத்தில் ஃபெனிட்டாயின் அளவை அளந்து, வலிப்பு கட்டுப்படுவதோடு அதை ஒப்பிட்டனர். ஒரு மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தவர்களிடம் நல்ல பலன் தெரிந்தது. நியூயார்க்கில் ஹென் குட் குழுவினர் 1964இல் மறுபக்கத்தை வரையறுத்தனர். அளவு 20ஐத் தாண்டும்போது கண்பாவை துடிக்கத் தொடங்குகிறது. 30ஐத் தாண்டும்போது நடை தள்ளாடுகிறது. 40ஐத் தாண்டும்போது மனம் மந்தமாகிறது. ஃபெனிட்டாயினுக்கு உகந்த அளவு 10 முதல் 20 மைக்ரோகிராம் என்ற எல்லை இவ்வாறு உருவாயிற்று.

ஃபெனிட்டாயினுக்கு இந்த எல்லை மிகவும் தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. இம்மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதி ஓரளவுக்கு மேல் வேலை செய்ய இயலாமல் நிறைவடைந்துவிடும். அதன்பின் மாத்திரையைச் சிறிதளவு கூட்டினாலும் இரத்தத்தில் அளவு பன்மடங்கு உயரும். ஒரே எடையுள்ள இருவர் ஒரே அளவு மாத்திரை உண்டாலும் ஒருவருக்குப் போதாமலும் மற்றவருக்கு மிகையாகவும் இருக்கக்கூடும். காசநோய்க்குக் கொடுக்கப்படும் ஐசோனியாசிட் இந்த நொதியைத் தடுத்து ஃபெனிட்டாயின் அளவை உயர்த்தும். காசநோய் மிகுந்த இந்தியாவில் இது ஏட்டளவில் நின்றுவிடும் செய்தி அன்று.

பிரிஸ்பேனில் நடந்தது

1968, 1969ஆம் ஆண்டுகளில் ஆத்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், நெடுங்காலமாக ஒரே அளவு ஃபெனிட்டாயின் உண்டுவந்த நோயாளிகள் பலரிடம் திடீரென நச்சுக்குறிகள் தோன்றின. மருந்தின் அளவு மாறவில்லை. உண்ணும் முறையும் மாறவில்லை. காரணத்தைத் தேடியபோது மாறியிருந்தது கூட்டுப்பொருள் என்று தெரியவந்தது. உறைக்குள் மருந்தோடு நிரப்பப்படும் கால்சியம் சல்பேட்டுக்குப் பதிலாக லாக்டோசு சேர்க்கப்பட்டிருந்தது. முன்பு கால்சியம் உப்பு மருந்தின் ஒரு பகுதியைக் குடல் ஈர்க்கவிடாமல் தடுத்திருந்தது. லாக்டோசு அப்படித் தடுக்கவில்லை. அதே உறையிலிருந்து உடலுக்குள் சென்ற மருந்து கூடிவிட்டது.

இதை ஆராய்ந்து 1970இல் வெளியிட்டவர்கள் பிரிஸ்பேனின் ஜான் டைரர், மெர்வின் ஈடி, ஜான் சதர்லாந்து, ஹூப்பர் ஆகியோர். உறையின் மேல் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்பக்கூடாது, உடலுக்குள் இருக்கும் அளவை அளந்தாக வேண்டும் என்பதை இந்நிகழ்வு மருத்துவ உலகுக்கு உணர்த்தியது. மருந்து ஒப்பந்தப்புள்ளி முறையில் வாங்கப்பட்டு, தயாரிப்பாளர் மாறும் வாய்ப்புள்ள எல்லா நாடுகளுக்கும் இப்பாடம் பொருந்தும்.

இதே குழு அடுத்து உமிழ்நீரின் பக்கம் திரும்பியது. நோயாளிகளின் உமிழ்நீரிலும் இரத்தத்திலும் ஃபெனிட்டாயினை அளந்து ஒப்பிட்ட அவர்களது ஆய்வு 1974இல் வெளிவந்தது. இரண்டும் ஒன்றையொன்று பின்தொடர்ந்தன. உமிழ்நீரில் இருந்த அளவு இரத்தத்தில் இருந்ததில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு.

பத்தில் ஒரு பங்கின் பொருள்

இந்தப் பத்தில் ஒரு பங்குக்கு எளிய விளக்கம் உண்டு. இரத்தத்துக்குள் சென்ற ஃபெனிட்டாயினில் ஏறத்தாழ 90 விழுக்காடு ஆல்புமின் என்னும் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டாமல் மிஞ்சும் 10 விழுக்காடு மட்டுமே இரத்தக்குழாயைக் கடந்து மூளைக்குச் செல்லும். வலிப்பைத் தடுப்பதும் நச்சாவதும் அந்தப் பங்குதான். உமிழ்நீர்ச் சுரப்பியின் அணுச்சுவரைக் கடந்து வாய்க்கு வருவதும் அதே பங்குதான். இரத்தத்திலுள்ள பொருள்கள் உமிழ்நீர்ச் சுரப்பியைக் கடக்கும் விதத்தை டென்மார்க்கின் கில்மனும் தாய்சனும் சல்ஃபா மருந்துகளைக் கொண்டு 1955இலேயே ஆராய்ந்திருந்தனர்.

வழக்கமான இரத்தச் சோதனை ஒட்டிய மருந்தையும் ஒட்டாத மருந்தையும் சேர்த்து மொத்தமாகவே காட்டுகிறது. ஆல்புமின் இயல்பாக இருக்கும்வரை அதனால் குழப்பம் இல்லை. ஊட்டக்குறைவு, கல்லீரல் நோய், சிறுநீரக நோய், கருவுற்ற காலம் ஆகியவற்றில் ஆல்புமின் குறையும் அல்லது அதன் பிடிப்பு தளரும். அப்போது மொத்த அளவு குறைவாகத் தெரியும். ஒட்டாத பங்கோ போதிய அளவில் இருக்கும். எண்ணை மட்டும் பார்த்து மாத்திரையைக் கூட்டினால் நோயாளி தள்ளாடத் தொடங்குவார். சிறுநீரகம் செயலிழந்தவர்களிடம் உமிழ்நீர் அளவு ஒட்டாத பங்கை நன்கு காட்டுவதை 1976இல் இலண்டன் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். அதற்கு ஓராண்டு முன்னர், 1975இல், உமிழ்நீரையும் இரத்தத்தையும் மூளைத் தண்டுவட நீரையும் ஒப்பிட்ட ஆய்வுகள் அமெரிக்காவிலிருந்து வெளிவந்தன. தண்டுவட நீரில் உள்ள ஃபெனிட்டாயின் அளவுக்கு உமிழ்நீர் அளவு நெருக்கமாக இருந்தது. முதுகில் ஊசி குத்தி அறிய வேண்டியதைத் துப்பிய எச்சிலே கோடிகாட்டியது.

எல்லா மருந்துக்கும் பொருந்துமா

பொருந்தாது. மருந்தின் வேதித்தன்மை இதை முடிவு செய்கிறது.

ஃபெனிட்டாயின்: உமிழ்நீர் அளவைப் பத்தால் பெருக்கினால் இரத்த அளவு தோராயமாகக் கிடைக்கும்.

கார்பமாசெபைன்: ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை உமிழ்நீரில் காணப்படும். உமிழ்நீரின் அமில, காரத் தன்மையால் பெரிதும் மாறாது. இம்முறைக்கு நன்கு பொருந்தும் மருந்துகளில் இது ஒன்று.

ஃபீனோபார்பிட்டால்: உமிழ்நீரில் வருகிறது. ஆனால் உமிழ்நீர் அமிலமாக இருந்தால் குறைவாகவும் காரமாக இருந்தால் கூடுதலாகவும் வரும். எனவே அமில, கார அளவையும் (பி.எச்.) சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

வால்ப்ரோயேட்டு: புரதத்தோடு மிகுதியாக ஒட்டுவது, அமிலத் தன்மை உடையது. உமிழ்நீரில் மிகக் குறைவாகவும் சீரின்றியும் வருகிறது. இம்மருந்துக்கு உமிழ்நீர் முறை நம்பகமானது அன்று.

லாமோட்ரிஜின், லெவட்டிராசெட்டம்: பிற்காலத்தில் வந்த இம்மருந்துகள் இம்முறைக்குப் பொருந்துகின்றன. லெவட்டிராசெட்டம் புரதத்தோடு பத்து விழுக்காட்டுக்கும் குறைவாகவே ஒட்டுகிறது.

உமிழ்நீர் முறையின் ஆய்வுகளைத் தொகுத்து பிலிப் பட்சலோசும் டேவிட் பெரியும் 2013இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் பெரிதும் எடுத்தாளப்படுகிறது.

மாதிரி எடுக்கும் முறை

முறை எளிமையானது என்றாலும் கவனம் தேவை. வாயைத் தண்ணீரால் கொப்பளித்துச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். முதலில் ஊறுவதைத் துப்பிவிட்டு, பின்னர் ஊறும் ஒன்றிரண்டு மில்லிலிட்டரை மூடியுள்ள சிறு குப்பியில் சேகரிக்க வேண்டும். உமிழ்நீர் போதிய அளவு ஊறாதவர்களுக்கு மணமற்ற மெழுகுத் துண்டை மெல்லக் கொடுப்பதுண்டு. புளிப்பு மிட்டாய் உமிழ்நீரின் அமிலத் தன்மையை மாற்றிவிடும்.

மாத்திரை உண்ட பிறகு எடுத்தால் வாயில் ஒட்டியிருக்கும் மருந்துத் துகள் அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். எனவே காலை மாத்திரைக்கு முன் எடுப்பதே நல்லது. வெற்றிலை பாக்கு, புகையிலை போட்ட வாயும் மாதிரி எடுக்க ஏற்றது அன்று. ஈறிலிருந்து குருதி கலந்தாலும் அளவு கெடும். ஃபெனிட்டாயின் உண்போருக்கு இது தனிச் சிக்கல். அம்மருந்து ஈறுகளைத் தடிக்கச் செய்வது 1939இலேயே பதிவாகியுள்ளது. தடித்த ஈறில் எளிதில் குருதி கசியும். பல் தூய்மையைப் பேணுவது நோயாளிக்கு மட்டுமன்றிச் சோதனைக்கும் நல்லது.

அளக்கும் கருவிகளும் இம்முறையின் போக்கைத் தீர்மானித்தன. இரத்தத்தில் பத்து மைக்ரோகிராம் இருக்கும்போது உமிழ்நீரில் ஒரு மைக்ரோகிராம்தான் இருக்கும். அவ்வளவு நுண்மையாக அளக்க வல்ல வளிமநிறப்பகுப்பு, நோயெதிர்ப்புச் சோதனை, உயர்திறன் நீர்மநிறப்பகுப்பு ஆகிய முறைகள் பரவிய பிறகே உமிழ்நீர் ஆய்வு எளிதாயிற்று. ஒரே மாதிரியை அனுப்பினாலும் ஆய்வகங்கள் தரும் விடைகள் பெரிதும் வேறுபடுவதை 1970களில் அமெரிக்காவின் சார்லஸ் பிப்பெஞ்சர் வெளிப்படுத்தினார். அதன்பின் ஆய்வகங்களுக்கு இடையேயான தரச் சோதனை வழக்கத்துக்கு வந்தது.

இந்தியாவில்

இந்தியாவில் மருந்து அளவுக் கண்காணிப்பு 1980களில் வேரூன்றியது. மும்பையின் கே.இ.எம். மருத்துவமனையின் மருத்துவ மருந்தியல் துறை இதில் முன்னோடிகளில் ஒன்று. வளரும் நாட்டில் இத்தகைய சேவையை நடத்துவதன் தேவைகளையும் இடர்களையும் அத்துறையினர் 2001இல் ஒரு கட்டுரையாக எழுதினர். தமிழ்நாட்டில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் துறை மருந்து அளவுகளை அளக்கும் பணியைச் செய்துவருகிறது.

உமிழ்நீர் முறையும் இந்தியாவில் ஆராயப்பட்டுள்ளது. வலிப்பு நோயாளிகளிடம் கார்பமாசெபைன் அளவை இரத்தத்திலும் உமிழ்நீரிலும் ஒப்பிட்ட தில்லி ஆய்வு ஒன்றை வாசுதேவ், கே. டி. திரிபாதி, புரி ஆகியோர் 2002இல் 'நியூராலஜி இந்தியா' இதழில் வெளியிட்டனர். இரண்டு அளவுகளும் நன்கு இயைந்தன. தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் வலிப்பு மருந்துகளை இரத்தத்திலும் உமிழ்நீரிலும் ஒப்பிட்ட மற்றோர் ஆய்வை 2016இல் வெளியிட்டனர். இருந்தும் இந்திய மருத்துவமனைகளில் வழக்கமான சோதனை இன்றும் இரத்தத்தில்தான் நடக்கிறது.

கொங்கு நாட்டுக்கு அருகில் நடந்த இன்னொரு முயற்சியும் இங்கே குறிப்பிடத்தக்கது. சத்தியமங்கலம் மலைகளுக்கு அப்பால், கருநாடகத்தின் சாமராசநகர் மாவட்டத்தில் உள்ளது எளந்தூர். பெங்களூரைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் கே. எஸ். மணியும் குழுவினரும் 1990களில் அவ்வட்டாரக் கிராமங்களில் வலிப்பு நோயாளிகளைத் தேடிக் கண்டறிந்து, ஃபீனோபார்பிட்டாலோ ஃபெனிட்டாயினோ கொடுத்துப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தனர். 2001இல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவுகள், விலை மலிந்த இந்தப் பழைய மருந்துகளைக் கொண்டே சிற்றூர்களில் வலிப்பைக் கட்டுப்படுத்த முடியும் என்பதைக் காட்டின. மருந்தைச் சிற்றூருக்குக் கொண்டுசெல்ல முடியும் என்பதை எளந்தூர் மெய்ப்பித்தது. அம்மருந்தை அளக்கும் வசதி சிற்றூருக்கு எப்படிச் செல்லும் என்ற கேள்வி மிஞ்சியது.

காங்கேயத்தின் நிலை

காங்கேயம் கோவை - திருச்சி நெடுஞ்சாலையில் அமைந்த வட்டத் தலைநகர். 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது ஈரோடு மாவட்டத்திலிருந்து பிரிந்து அதில் இணைந்தது. காளைக்கும், தேங்காய் எண்ணெய் ஆலைகளுக்கும், அரிசி ஆலைகளுக்கும் பெயர்பெற்றது. சுற்றிலும் வெள்ளகோவில், பல்லடம் பகுதிகளின் விசைத்தறிகளும் நூற்பாலைகளும், வடமேற்கே திருப்பூரின் பின்னலாடை, சாயத் தொழில்களும் உள்ளன. ஊரில் அரசு மருத்துவமனை உண்டு. பெரிய நரம்பியல் மருத்துவத்துக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோவையை நாடுவது நெடுநாள் வழக்கம்.

இப்பகுதியின் தொழிலமைப்பு வலிப்பு நோயோடு நேரடியாக மோதுகிறது. உறக்கக் குறைவு வலிப்பைத் தூண்டும் காரணங்களில் முதன்மையானது. இரவு ஷிப்ட் மாறி மாறி வரும் ஆலைத் தொழிலாளிக்கு உறங்கும் நேரமும் மாத்திரை உண்ணும் நேரமும் வாரந்தோறும் மாறுகின்றன. ஓடும் தறிக்கும் கொதிக்கும் சாயத் தொட்டிக்கும் அருகில் வலிப்பு வந்தால் உயிருக்கே ஆபத்து. மருந்து மிகுந்து தள்ளாட்டம் வந்தாலும் அதே ஆபத்துதான். நோய் இருப்பது தெரிந்தால் வேலை போய்விடும், திருமணம் தடைபடும் என்ற அச்சத்தில் மாத்திரையை மறைத்து உண்பவர்களும், சில நாள் விட்டுவிடுபவர்களும் உண்டு. வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாகக் கருதிய பிரிவு இந்தியச் சட்டத்திலிருந்து 1999இல்தான் நீக்கப்பட்டது.

மாத்திரை உண்டும் வலிப்பு வந்தது என்று இரண்டு தொழிலாளிகள் மருத்துவரிடம் வருவதாகக் கொள்வோம். ஒருவருக்கு மருந்து உண்மையிலேயே போதவில்லை. மற்றவர் இரவு ஷிப்டில் மூன்று வேளை விட்டுவிட்டார், ஆனால் அதைச் சொல்லத் தயங்குகிறார். அளவு தெரியாவிட்டால் மருத்துவர் இருவருக்கும் மாத்திரையைக் கூட்டுவார். இரண்டாமவர் ஒழுங்காக உண்ணத் தொடங்கியதும் மருந்து மிகுந்து தள்ளாடுவார், தள்ளாட்டத்தைக் கண்டு பயந்து மருந்தையே நிறுத்துவார். திடீரென நிறுத்துவது தொடர் வலிப்பில் கொண்டுபோய் விடக்கூடும். ஓர் எண் இந்த இருவரையும் பிரித்துக் காட்டிவிடும்.

அந்த எண்ணைப் பெற இரத்தச் சோதனை உண்டே என்று கேட்கலாம். உண்டு, ஆனால் அதற்கு நேரம் ஒத்துவர வேண்டும். பொருள் பொதிந்த விடை கிடைக்க, காலை மாத்திரைக்கு முன் குருதி எடுக்க வேண்டும். தொலைவிலுள்ள மருத்துவமனைக்குச் செல்பவர் பேருந்து ஏறுமுன் மாத்திரை உண்டுவிட்டால் அந்த நேரம் தவறிவிடும். உண்ணாமல் சென்றால் வழியிலேயே வலிப்பு வரும் அச்சம். துணைக்கு வருபவருக்கும் சேர்த்து இரண்டு பேரின் நாள்கூலி போய்விடும். உமிழ்நீரை விடியலில் வீட்டிலேயே குப்பியில் துப்பிவிட்டு, மாத்திரையை உண்டு வேலைக்குச் செல்லலாம். நள்ளிரவில் தலைச்சுற்றல் வந்தால் அந்த நேரத்து அளவையே பிடித்து வைக்கலாம். சிரிஞ்சைக் கண்டாலே அலறும் குழந்தைக்கும் துன்பம் இல்லை.

அஞ்சலில் சென்ற உமிழ்நீர்

இது வெறும் கற்பனை இல்லை என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவில் நோயாளிகள் வீட்டிலேயே உமிழ்நீரைச் சேகரித்து அஞ்சலில் ஆய்வகத்துக்கு அனுப்பும் முறை சோதிக்கப்பட்டு, 2004இல் அதன் முடிவுகள் வெளியாயின. அது நடைமுறைக்கு ஏற்றது என்று அந்த ஆய்வு கண்டது. அஞ்சலில் செல்லும்போது புதிய வலிப்பு மருந்துகளின் அளவு உமிழ்நீரில் மாறாமல் இருக்கிறதா என்பதை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு 2005இல் வந்தது. ஆராய்ந்த மருந்துகள் நிலைத்திருந்தன. கொங்கு நாட்டுக் கோடை வெப்பத்தில் இதே முறையைப் பின்பற்ற, இங்குள்ள மருந்துகளையும் வெப்பநிலையையும் கொண்டு தனியே சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் அஞ்சலும் பேருந்துப் பார்சலும் எட்டாத ஊர் அரிது என்பதால் கருவி ஓரிடத்தில் இருந்தாலே போதும், மாதிரி அதைத் தேடிச் செல்லும்.

வரம்புகள்

அளவைப் பார்ப்பது நோயாளியைப் பார்ப்பதற்கு மாற்று ஆகாது. பன்னாட்டு வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒவ்வொருவருக்கும் உகந்த அளவு வேறுபடும் என்கிறது. எல்லை எண்ணுக்குக் கீழே இருந்தும் வலிப்பின்றி இருப்பவருக்கு மாத்திரையைக் கூட்டத் தேவையில்லை. எல்லா நோயாளிக்கும் வழக்கமாக அளந்துகொண்டே இருப்பதால் வலிப்பு குறைகிறது என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. மருந்து விட்டுப்போன ஐயம், நச்சுக்குறி, புதிய மருந்து சேரும் நேரம், கருவுற்ற காலம், தயாரிப்பாளர் மாறிய பின் ஏற்படும் மாற்றம் ஆகியவையே அளக்க வேண்டிய தருணங்கள். கருவுற்ற பெண்களுக்கு லாமோட்ரிஜின் அளவு வெகுவாகக் குறைவது நன்கு அறியப்பட்டது. இளம்பெண்கள் பெருமளவில் பணிபுரியும் பின்னலாடைப் பகுதியில் இதைக் குறிப்பாக நினைவில் கொள்ள வேண்டும்.

உமிழ்நீர் முறை பரவாததற்கான காரணங்களும் தெளிவானவை. இரத்தத்துக்கு வகுக்கப்பட்ட எல்லை எண்களே மருத்துவர்களுக்குப் பழக்கமானவை. ஆய்வகக் கருவிகளும் இரத்தச் சீரத்துக்கே அளவமைக்கப்பட்டுள்ளன. மிகுதியாகப் பயன்படும் வால்ப்ரோயேட்டுக்கு இம்முறை உதவாது. உமிழ்நீரைக் கெடுக்கக்கூடிய காரணங்கள் பல. விரல் நுனியில் ஒரு துளி குருதி எடுத்துத் தாளில் உலர்த்தி அனுப்பும் முறையும் இதற்குப் போட்டியாக வளர்ந்து வருகிறது.

மதிப்பீடு

உமிழ்நீரில் வலிப்பு மருந்தை அளக்க முடியும் என்பது பிரிஸ்பேனில் மெய்ப்பிக்கப்பட்டு அரை நூற்றாண்டு ஆகிறது. ஃபெனிட்டாயினுக்கும் கார்பமாசெபைனுக்கும் அது செல்லும், வால்ப்ரோயேட்டுக்குச் செல்லாது என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. தில்லியில் நடந்த ஆய்வுகள் இந்திய நோயாளிகளிடமும் அதைச் சோதித்துவிட்டன. எஞ்சியிருப்பது குப்பியும், அனுப்பும் ஏற்பாடும், வாங்கி அளக்கும் ஒரு மாவட்ட ஆய்வகமும், உமிழ்நீர் எண்ணைப் படித்துப் பழகிய மருத்துவரும்தான். அவை ஒன்றுசேர்ந்தால் காங்கேயத்தில் இரவு ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் தொழிலாளி, விடியலில் மாத்திரைக்கு முன் ஒரு குப்பியை நிரப்பி வைத்துவிட்டு, ஒரு நாள் கூலியையும் இழக்காமல் தன் மருந்தின் அளவை அறிந்துகொள்ள முடியும்.